34 சதவீத ஓட்டு, 63 சதவீத இடம்: பிரிட்டன் மக்களின் கோபம் நியாயமா?

கேள்வி: 2024 ஜூலையில் பிரிட்டன் பொதுத்தேர்தல் முடிவு வந்ததும் "இது நியாயமே இல்லை" என்று நிறையப் பேர் கொதித்தார்கள். அது தோற்றவர்களின் புலம்பலா, அல்லது தேர்தல் முறையிலேயே கோளாறா? கோளாறு என்றால் ஏன் இத்தனை வருடமாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்?

பதில்:

இரண்டும் உண்மை. கொதித்தவர்களில் பெரும்பாலோர் தோற்ற பக்கத்துக்காரர்கள். தேர்தல் முறையிலும் பெரிய கோளாறு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து வருகிறது என்பதற்காக ஒரு குறை பொய்யாகிவிடாது. பிரிட்டனில் இந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே நின்றுபோவதுதான் எனக்கு வருத்தம். "நீ தோற்றாய், அதனால் கத்துகிறாய்" என்ற ஒரே பதிலில் விவாதம் முடிந்துவிடுகிறது.

முதலில் கணக்கு. 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் கட்சிக்குக் கிடைத்தது 33.7 சதவீத ஓட்டு. இடங்கள் 650-ல் 411, அதாவது 63 சதவீதம். நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யுகே கட்சி 14.3 சதவீதம், 41 லட்சம் ஓட்டு வாங்கியது. இடங்கள் ஐந்து. அதைவிடக் குறைவாக 35 லட்சம் ஓட்டு வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். கிரீன் கட்சிக்கு 18 லட்சத்துக்கும் மேல் ஓட்டு, நான்கு இடம். லேபருக்கு ஓர் எம்.பி. கிடைக்கச் சுமார் 23,600 ஓட்டு போதுமானதாக இருந்தது. ரிஃபார்முக்கு ஓர் எம்.பி.க்கு 8 லட்சத்து 23 ஆயிரம் ஓட்டு ஆனது. வட அயர்லாந்தில் மட்டும் நிற்கும் டி.யு.பி. கட்சியோ 1 லட்சத்து 72 ஆயிரம் ஓட்டில் அதே ஐந்து இடத்தைப் பிடித்தது.

நான் ரிஃபார்ம் கட்சியின் கொள்கைகளை ஏற்பவன் இல்லை. ஆனாலும் 41 லட்சம் பேர் ஓட்டுப் போட்டு ஐந்து இடம் என்பது எந்தக் கட்சிக்கு நடந்தாலும் தவறுதான். எதிர்க்கட்சிக்காரனுக்கு நடக்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது? நம் ஊர்த் தேர்தல் முறைதான் அங்கேயும். ஒரு தொகுதிக்கு ஓர் எம்.பி., யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டே கட்சிகள் மோதும்போது இது ஓரளவு சரியாக வரும். நான்கைந்து கட்சிகள் வந்துவிட்டால் குலைந்துபோகும். தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2024-ல் தோற்ற இடம் அது. அங்கே ஜெயித்த லேபர் வேட்பாளர் வாங்கியது 26.7 சதவீதம். டிரஸ் 630 ஓட்டில் தோற்றார், ரிஃபார்ம் வேட்பாளர் 22 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், கன்சர்வேட்டிவ் பாரம்பரியத்திலிருந்து வந்த ஒரு சுயேச்சை 14 சதவீதம் பிரித்தார். டிரஸ் தோற்றதை நாடே பேசியது. அந்தத் தொகுதியில் நூற்றுக்கு 73 பேர் வேறு யாருக்கோ ஓட்டுப் போட்டவர்கள் என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

இந்த முறை சின்னக் கட்சிகளை மட்டும் தண்டிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதைத்தான் இது பார்க்கிறது. அதற்கு லிபரல் டெமாக்ரட்டுகளைவிட நல்ல சாட்சி கிடையாது. 2010-ல் அவர்களுக்கு 23 சதவீதம், 68 லட்சம் ஓட்டு. கிடைத்தது 57 இடம். 2019-ல் 11.5 சதவீதம், 11 இடம். 2024-ல் 12.2 சதவீதம், 72 இடம். 2019-க்கும் 2024-க்கும் இடையில் ஒரு சதவீதம்கூட ஓட்டு கூடவில்லை, இடம் ஆறரை மடங்கு ஆகிவிட்டது. 2010-ன் பாதி ஓட்டில் 2010-ஐவிட அதிக இடம். கன்சர்வேட்டிவ் பலவீனமாக இருந்த தெற்கு இங்கிலாந்துத் தொகுதிகளில் மட்டும் முழு பலத்தையும் இறக்கினார்கள், ஜெயிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டார்கள். ரிஃபார்மின் ஓட்டு நாடு முழுக்கப் பரவலாகக் கிடந்தது. 98 தொகுதிகளில் அவர்கள் இரண்டாம் இடம். இந்த முறையில் இரண்டாம் இடத்துக்குக் கூலி ஏதும் கிடையாது.

லேபர் கதையும் அதேதான். 2017-ல் ஜெரமி கோர்பின் தலைமையில் 40 சதவீதம், 1 கோடி 28 லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றது. 2019-ல் 1 கோடிக்குச் சற்று மேல் வாங்கிப் படுதோல்வி. 2024-ல் கியர் ஸ்டார்மர் தலைமையில் 97 லட்சம் ஓட்டு வாங்கி மாபெரும் வெற்றி. கோர்பின் ஆதரவாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்கள். அவர்கள் காட்டிய எண்கள் சரியானவை. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. ஸ்டார்மரின் குழு இருக்கிற விதிக்கு ஏற்ப விளையாடியது. பாதுகாப்பான தொகுதிகளில் ஓட்டு குறைந்தாலும் பரவாயில்லை, இழுபறித் தொகுதிகளில் சேர்க்கவேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. மறுபக்கம் ரிஃபார்ம் கன்சர்வேட்டிவ் ஓட்டைப் பிளந்தது. ஆகவே லேபர் ஆட்சி சட்டப்படி முழுக்கச் செல்லுபடியாகும் ஆட்சி. "ஸ்டார்மர் திருடிவிட்டார்" என்று சொன்னவர்கள் சொன்னது தவறு. "மூன்றில் ஒருவர் ஆதரவில் முழு அதிகாரம் கிடைப்பது சரியில்லை" என்று சொன்னவர்கள் சொன்னது சரி. இந்த இரண்டு பேச்சும் ஒரே கூச்சலில் கலந்துவிட்டதுதான் பெரிய இழப்பு.

அந்தக் கலப்படம் 2024 நவம்பரில் நன்றாகத் தெரிந்தது. மீண்டும் பொதுத்தேர்தல் நடத்தவேண்டும் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனு போடப்பட்டது. சில நாட்களில் 20 லட்சம் கையெழுத்தைத் தாண்டி, கடைசியில் சுமார் 30 லட்சம் ஆனது. 2025 ஜனவரி 6 அன்று எம்.பி.க்கள் அதை விவாதித்தார்கள். பின்னணி என்னவென்றால், லேபர் அரசு முதியவர்களுக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலோருக்கு நிறுத்தியது, முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டை உயர்த்தியது, விவசாய நிலத்துக்கு வாரிசு வரி கொண்டுவந்தது. வாக்குறுதியை மீறிவிட்டார்கள் என்ற கோபம் அது. ஐந்து மாதத்தில் இன்னொரு தேர்தல் நடக்காது என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கவனியுங்கள், பாதி மக்கள் ஆதரவோடு வந்த அரசுக்கு எதிராக இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு கோபம் கிளம்புவது கடினம். இந்த அரசுக்கு மூன்றில் இருவர் முதல் நாளிலிருந்தே ஓட்டுப் போடாதவர்கள். ஓட்டுப் போட வந்தவர்களே சுமார் 60 சதவீதம்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால், வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஓட்டில் வந்த ஆட்சி.

2015-ல் எதிர்வினை வேறு மாதிரி இருந்தது. அப்போது டேவிட் கேமரன் 36.9 சதவீத ஓட்டில் 330 இடம் பிடித்துத் தனிப் பெரும்பான்மை பெற்றார். கருத்துக்கணிப்புகளெல்லாம் தொங்கு நாடாளுமன்றம் என்று சொல்லியிருந்ததால் அதிர்ச்சி அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யுகிப் கட்சிக்கு 38 லட்சம் ஓட்டுக்கு மேல், ஒரே ஒரு இடம். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 14 லட்சத்து 50 ஆயிரம் ஓட்டு, 56 இடம். அந்த ஸ்காட்டிஷ் கட்சியே "இந்த முறை தவறு" என்று சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்காட்லாந்தின் 59-ல் 56 இடத்தை அள்ளிக்கொடுத்த முறையை அவர்களே எதிர்த்தார்கள். அந்த மே மாதமே யுகிப், கிரீன், லிபரல் டெமாக்ரட், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, வேல்ஸின் பிளைட் கம்ரி ஆகிய ஐந்து கட்சிக்காரர்கள் சேர்ந்து, ஏறக்குறைய 5 லட்சம் கையெழுத்தோடு ஒரு மனுவைப் பிரதமர் அலுவலகம் இருக்கும் டவுனிங் தெருவில் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம், குடியேற்றம், ஸ்காட்லாந்து விடுதலை என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரே படத்தில் நின்றார்கள். 2024-ன் மனுவைவிடக் கையெழுத்து குறைவு, ஆனால் கோரிக்கை தெளிவு: ஆளை மாற்று என்று கேட்கவில்லை, முறையை மாற்று என்று கேட்டார்கள்.

பழைய கதைகள் இன்னும் மோசம். 1951-ல் லேபர் கன்சர்வேட்டிவ்களைவிட இரண்டு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக ஓட்டு வாங்கியும் ஆட்சியை இழந்தது, சர்ச்சில் பிரதமரானார். 1974 பிப்ரவரியில் தலைகீழ்: கன்சர்வேட்டிவுக்கு ஓட்டு அதிகம், லேபருக்கு இடம் அதிகம். அதே தேர்தலில் லிபரல் கட்சி 60 லட்சம் ஓட்டுக்கு 14 இடம் வாங்கியது. 1983-ல் லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணிக்கு 25.4 சதவீதம், 23 இடம். அதைவிட இரண்டே சதவீதம் கூட வாங்கிய லேபருக்கு 209 இடம்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் இந்த முறையைத் தன் காலனிகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனது. இலங்கையில் 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீதத்துக்கு அருகே ஓட்டு வாங்கி 168-ல் 140 இடம் பிடித்தது. சுமார் 30 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடம். 7 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வடக்கு கிழக்கில் ஓட்டுக் குவிந்திருந்ததால் 18 இடம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 2015-ன் ஸ்காட்லாந்து கதையும் இதே கணக்குதான். ஆனால் அந்த ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை என்ன செய்தது என்று பாருங்கள். 1978-ல் அரசியலமைப்பையே மாற்றியது. 1982 டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, பொதுத்தேர்தல் இல்லாமலேயே அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டது. பாதி ஓட்டுக்குக் கிடைக்கும் அளவற்ற அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பும் கிடையாது. நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் பெரும்பான்மை இருந்தால் ஏறக்குறைய எந்தச் சட்டத்தையும் மாற்றலாம்.

சரி, இப்போது மறுபக்க வாதம். இந்த முறையை ஆதரிப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களின் முதல் வாதம், தொகுதிக்கு ஒரு எம்.பி. என்ற உறவு. விசா சிக்கல், வீட்டு வசதி, மருத்துவமனைப் பிரச்சினை என்று யாரிடம் போகவேண்டும் என்பது மக்களுக்குத் தெரியும். இது உண்மையான மதிப்புள்ள விஷயம், நான் இதை இழக்க விரும்பமாட்டேன். ஆனால் இதை இழக்க வேண்டியதும் இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 1999 முதல் 73 பேர் தொகுதி உறுப்பினர்கள், 56 பேர் வட்டாரப் பட்டியலிலிருந்து வருபவர்கள், ஓட்டு விகிதத்தை அந்த 56 பேர் சரிசெய்கிறார்கள். வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் ஒரு தொகுதிக்கு ஐந்து பேர், வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அதாவது ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை, பிரிட்டனுக்கு அந்நியமானது என்ற பேச்சு இதனால்தான் நிற்காது. அந்த நாட்டுக்குள்ளேயே லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

இரண்டாவது வாதம் நிலையான ஆட்சி. 2010-லும் 2017-லும் தொங்கு நாடாளுமன்றம் வந்தது. 2016 முதல் 2024 வரை கேமரன், மே, ஜான்சன், டிரஸ், சூனக், ஸ்டார்மர் என்று பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதற்கு மேல் இந்த வாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை.

மூன்றாவது வாதம்தான் கவனமாகப் பார்க்கவேண்டியது: தீவிரக் கட்சிகளை உள்ளே விடாமல் இந்த முறை தடுக்கிறது என்பது. ஒரு அளவு வரைக்கும் தடுக்கும். 14 சதவீதத்தில் ஐந்து இடம் கொடுத்து நிறுத்தும். ஆனால் பல கட்சிகள் ஓட்டைப் பிரிக்கும் சூழலில் அதே கட்சி 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் இந்த முறையே அதை ஆட்சியில் உட்கார வைத்துவிடும். பழைய ஏரிக்கரை மாதிரி, ஒரு மட்டம் வரை தண்ணீரைப் பிடித்துவைத்து, அதைத் தாண்டியதும் மொத்தமாக உடைத்துவிடும். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 இடங்களையும் பத்துக் கவுன்சில்களையும் பிடித்தபோது இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்று லேபர்காரர்களுக்கும் புரிந்தது. அன்றைக்கே இங்கிலாந்தின் மேற்கு வட்டார மேயர் தேர்தலில் லேபர் வேட்பாளர் நான்கில் ஒரு பங்கு ஓட்டில் ஜெயித்தார். மேயர் தேர்தலில் முன்பு இரண்டாம் விருப்ப ஓட்டு இருந்தது, 2022 சட்டத்தில் கன்சர்வேட்டிவ் அரசு அதை எடுத்துவிட்டது. இப்போதைய அரசு அதைத் திரும்பக் கொண்டுவர 2025-ல் மசோதா கொண்டுவந்தது. மேயருக்கு நான்கில் ஒரு பங்கு ஓட்டு போதாது என்று ஒத்துக்கொள்ளும் அரசு, எம்.பி.க்கு மட்டும் அது போதும் என்கிறது.

"மக்களே 2011-ல் நிராகரித்துவிட்டார்களே" என்று கேட்பவர்களுக்கு: 2011 மே 5 வாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். வாக்குப்பதிவு 42 சதவீதம். ஆனால் அன்று விகிதாசார முறையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டது மாற்று விருப்ப ஓட்டு, அதாவது அதே ஒற்றைத் தொகுதியில் 1, 2, 3 போடுவது. அதிலும் விகிதம் கிடைக்காது, சில சமயம் இன்னும் கோணலாகவே வரலாம். அந்த முறையை லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கே 2010-ல் "பரிதாபமான சின்னச் சமரசம்" என்கிற பொருளில் வர்ணித்திருந்தார். அப்புறம் கன்சர்வேட்டிவோடு கூட்டணி பேரத்தில் கிடைத்தது அதுதான். கல்லூரிக் கட்டண உயர்வு விவகாரத்தில் கிளெக் மேல் நாடே கோபமாக இருந்த நேரம் வேறு. 440 ஓட்டு எண்ணிக்கைப் பகுதிகளில் பத்தில் மட்டும் ஆதரவு வந்தது: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டனின் ஆறு பகுதிகள், எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஒவ்வொன்று. யாருமே முழுமனதோடு விரும்பாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலை எல்லாச் சீர்திருத்தத்துக்கும் எதிரான தீர்ப்பாக வைத்திருப்பது நேர்மையில்லை.

ஏன் மாற்றவில்லை என்ற கேள்விக்கு வருவோம். மாற்றும் அதிகாரம் ஜெயித்தவரிடம் இருக்கிறது, ஜெயித்தவருக்கு மாற்றத் தேவை இல்லை. 1917-லேயே சபாநாயகர் தலைமையிலான மாநாடு பெருநகரங்களுக்கு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது, இரண்டு சபைகளும் ஒத்துவராமல் போய்விட்டது. 1997-ல் டோனி பிளேர் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி கொடுத்தார். தேர்தல் முறையை ஆராய்ந்த ஜென்கின்ஸ் ஆணையம் 1998-ல் அறிக்கையும் கொடுத்தது. 418 இடம் வைத்திருந்த கட்சி அதைக் கிடப்பில் போட்டது. 2022-ல் லேபர் மாநாடு விகிதாசார முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது, 2024 தேர்தல் அறிக்கையில் அது இல்லை. 2024 டிசம்பரில் லிபரல் டெமாக்ரட் எம்.பி. சாரா ஓல்னி கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்ற ஓட்டெடுப்பில் 138-க்கு 136 என்று ஆதரவு கிடைத்தது. அரசு அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

நியூசிலாந்து இந்தச் சுழலை உடைத்தது. பிரிட்டனின் அதே முறைதான் அங்கேயும். 1978-லும் 1981-லும் குறைந்த ஓட்டு வாங்கிய கட்சி ஆட்சி அமைத்தது. 1986-ல் ஒரு அரச ஆணையம் கலப்பு விகிதாசாரத்தை, அதாவது தொகுதி உறுப்பினர்களோடு பட்டியல் உறுப்பினர்களும் இருக்கும் முறையை, பரிந்துரைத்தது. இரண்டு பெரிய கட்சிகளின் தலைமையும் விரும்பாதபோதும் 1992, 1993 என்று இரண்டு வாக்கெடுப்புகளில் மக்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2011-ல் திரும்பக் கேட்டபோதும் வைத்துக்கொள்வோம் என்றார்கள். அங்கே முதலில் "மாற்ற வேண்டுமா" என்றும், அதோடு "எந்த முறைக்கு" என்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். பிரிட்டன் தவறவிட்டது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஓட்டை அப்படியே விகிதத்துக்கு மாற்றி "ரிஃபார்முக்கு 90 இடம் வந்திருக்கும்" என்று போடும் கணக்குகளை முழுசாக நம்பாதீர்கள். முறை மாறினால் மக்கள் ஓட்டுப் போடுவதும் மாறும். பிடிக்காதவரைத் தோற்கடிக்கவே தங்கள் முதல் விருப்பம் அல்லாதவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பிரிட்டனில் ஏராளம்.

என்னைக் கேட்டால், நான்கைந்து எம்.பி.க்கள் கொண்ட பெரிய தொகுதிகளில் விருப்ப வரிசை ஓட்டு, அதாவது வட அயர்லாந்து முறைதான் சிறந்தது. கட்சித் தலைமை பட்டியல் போட்டு ஆளைத் திணிக்க முடியாது, அந்த ஊர்க்காரரையே தேர்ந்தெடுக்கலாம். குறைகளும் உண்டு: ஓட்டு எண்ண இரண்டு நாள் ஆகும், ஸ்காட்லாந்து மலைநாட்டில் தொகுதிகள் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். அங்கே மட்டும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுவுக்குள் நடந்தாக வேண்டும். அதில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், ஒரு சிறிய கட்சியின் தயவு ஆட்சிக்குத் தேவைப்பட்டால், அந்தக் கட்சி 2010-ல் கிளெக் ஏற்றுக்கொண்ட பேரத்தை ஏற்கக்கூடாது. நியூசிலாந்து கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் மக்களிடம் வைப்பதை முதல் நிபந்தனையாகக் கேட்க வேண்டும். ஒற்றைக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால், அது எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர்களே மாற்றுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.